வெள்ளைப் பூவும் ஊறிய விதைநெல்லும்

வண்டு தொடுமுன் மலர் கொய்து உனக்குச் சாத்த வேண்டும் என்று ஆசைப்பட்ட முனிவர் ஒருவர், மரமேறுவதற்குப் புலியின் கால்களை வரமாகக் கேட்டார். ஏன் இப்படிக் கேட்கிறாய் என்று நீ வினவவில்லை, கொடுத்தாய். அவர் வழிபட்ட வனமே எங்கள் ஊராயிற்று. திருப்புலிவனத்துப் பெருமானே, கேட்கத் தெரிந்தவர்க்கும் கேட்கத் தெரியாதவர்க்கும் ஒருங்கே அருள்பவனே, உன் திருவடியை முன்வைத்து இதை எழுதத் தொடங்குகிறேன்.

இன்று மார்கழித் திருவாதிரை. விடியற்காலையில் அபிஷேகம் கண்டு, களி உண்டு, ஈர வேட்டி காயுமுன்பே எழுத உட்கார்ந்துவிட்டேன். நம் பதிக வழிபாட்டுக் கூட்டத்து அன்பர்கள், ஒவ்வொருவரும் தம் வாழ்வில் கண்ட திருவருளை எழுதித் தர வேண்டும் என்று பணித்திருக்கிறார்கள். சிலர் நோய் தீர்ந்ததை எழுதுவார்கள். சிலர் ஆபத்து நீங்கியதை எழுதுவார்கள். என்னுடையது அத்தனை பெரிதன்று. ஊரை விட்டுப் போவதா, இருப்பதா என்ற ஒரு கேள்வி. ஆயினும் அந்தக் கேள்வி என் வீட்டை இரண்டாகப் பிளந்துவிடும் என்று நான் நடுங்கிய நாட்கள் உண்டு.

எழுபதுகளின் பின்பகுதி. ஆடி மாதம். எங்களுக்கு ஏரிப் பாசனத்தில் மூன்று காணி நிலமும் அதில் ஒரு கிணறும் உண்டு. வீட்டில் நான், என் மனைவி கமலாட்சி, பிள்ளைகள் இருவர், என் தமக்கை பச்சையம்மாள். அக்கா இளமையிலேயே கணவரை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பியவர். தாயில்லாத என்னை வளர்த்தவரும் அவரே. கமலா திருமணத்துக்கு முன்பே தையல் ஆசிரியைப் பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருந்தாள். ஆண்டுகள் ஓடின. ஊர்ப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தபடியே காத்திருந்தாள்.

அந்த ஆடியில் ஆணை வந்தது. தருமபுரி மாவட்டத்தில், ஊத்தங்கரைக்கு அப்பால், நாங்கள் பெயர்கூடக் கேட்டிராத ஓர் ஊரில் அரசு உயர்நிலைப் பள்ளி. ஆவணி பிறந்ததும் சேர வேண்டும். சேராவிட்டால் அந்த இடம் போகும். அவளுடைய வயதோ வேலைக்குரிய வரம்பை நெருங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு முறை அழைப்பு வராது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

செய்தி எனக்கு முன்பே தேநீர்க் கடைக்குப் போய்விட்டது. எங்கள் நிலத்தை அடுத்துப் பயிர் செய்யும் ஏகாம்பரம் அங்கே இருந்தான். என்னைக் கண்டதும் கண்ணாடிக் குவளையைக் கீழே வைத்தான்.

“இன்னா சபாபதி, வூட்டுக்காரம்மாவுக்கு கவர்மெண்டு உத்தியோகமாமே! அவுங்க பாடம் நடத்தப் போவாங்க. நீ அங்க போயி இன்னா பண்ணப் போற? தையல் மிஷினுக்கு எண்ணெ வுடுவியா?”

கடையே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். எழுந்து வரும்போது ஏகாம்பரம் பின்னாலேயே வந்து, குரலைத் தாழ்த்தினான்.

“தமாசுக்குச் சொன்னேன்பா, மனசுல வெச்சிக்காத. போறதா இருந்தா நெலத்த எனக்கே குத்தகைக்கு வுட்டுடு. வெளி ஆளுக்கு எதுக்கு?”

எனக்கும் அது சரியென்றே பட்டது. கமலா இத்தனை ஆண்டு காத்ததற்குப் பலன் வந்திருக்கிறது. குடும்பத்தோடு போய்விடலாம், நிலம் குத்தகையில் இருக்கட்டும், அக்காவையும் அழைத்துப் போவோம் என்று கணக்கிட்டேன். வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். அவ்வளவுதான்.

“குத்தகைக்கா? ஏகாம்பரத்துக்கா? நம்ம அப்பன் கெணறு வெட்டும்போது கல்லுல கால் மாட்டிக்கினு மூணு மாசம் படுத்துக் கெடந்தாரே, அவன் மாடு தண்ணி குடிக்கறதுக்கா? நான் உயிரோட கீற வரைக்கும் அது நடக்காது. எவ வேலைக்கும் நான் குறுக்கால நிக்கல. ஆனா நீ போவக் கூடாது. சொல்ட்டேன்.”

அதன் பிறகு அக்கா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சோறு வைப்பார், பேசமாட்டார். கமலா இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் என்னிடம் வந்து, “வேணாங்க. நான் போவல. என்னால அண்ணியும் நீங்களும் மூஞ்சி தூக்கிக்கினு இருக்க வேணாம்” என்றாள். சொல்லிவிட்டுத் தையல் மிஷினுக்கு உறை போட்டாள்.

அன்பர்களே, அந்த மிஷின் ஓடாத நாட்கள் எனக்குப் பெரும் துன்பமாயின. நாள் முழுவதும் கேட்டுப் பழகிய சத்தம் அது. மாலையில் கோயிலுக்குப் போய் வழக்கமான பதிகத்தைத் தொடங்குவேன். இரண்டாம் பாட்டிலேயே குரல் நின்றுவிடும். கமலாவை மட்டும் அனுப்பினால் பிள்ளைகள் தாயை விட்டு எப்படி இருப்பார்கள்? எல்லோரும் போனால் வளர்த்த அக்காவின் கண்ணீர் என்னை விடாது. யாரும் போகாவிட்டால், அந்த உறை போட்ட மிஷினை ஆயுள் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் யாரோ ஒருவர் அழுதார். “பெருமானே, நான் முடிவு செய்தால் என் மேல் பழி. நீ முடிவு செய். உன் சொல்லுக்கு மூவரும் கட்டுப்படுவோம்” என்று கொடிமரத்தடியில் விழுந்தேன்.

பூக்கட்டிப் பார்ப்பது எங்கள் பக்கத்தில் வழக்கம். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. இரண்டையும் வாழையிலைத் துண்டில் வெவ்வேறாக மடித்து, வெளியே நிறம் தெரியாதபடி நாரால் கட்டி, சுவாமி பாதத்தில் வைப்பார்கள். வெள்ளைக்கு இது, சிவப்புக்கு இது என்று மனத்துக்குள் விண்ணப்பித்துக்கொள்ள வேண்டும். குருக்கள் ஒன்றை எடுத்துத் தருவார். பிரித்தால் எந்தப் பூவோ அதுவே இறைவன் உத்தரவு. குடும்பத்துப் பெரிய காரியமென்றால் வீட்டுக்கு மூத்தவரும் உடன் நின்று கேட்க வேண்டும். ஆகவே கமலாவைத் தூது விட்டு அக்காவை அழைத்தேன். ஆடி முடிய இரண்டு மூன்று நாட்களே இருந்தன. அன்று திங்கட்கிழமை.

அக்கா வந்தார். எனக்கு முன்னால் பத்தடி தூரம் விலகியே நடந்தார். கோயில் வரை ஒரு சொல் இல்லை.

குருக்கள் நந்தியாவட்டையையும் செவ்வரளியையும் மடித்து வைத்தார். “ரெண்டு பேரும் மனசுல நன்னா சொல்லிக்கோங்கோ. வெள்ளைக்கு எது, செவப்புக்கு எதுன்னு தெளிவா இருக்கட்டும். வாயத் தெறந்து மட்டும் சொல்லப்படாது” என்றார்.

பொதுவாக, எந்த நிறத்துக்கு என்ன பொருள் என்பதை வீட்டிலேயே கலந்து பேசிக்கொண்டு வருவார்கள். நாங்களும் அப்படித்தான் வந்திருப்போம் என்று குருக்கள் நினைத்திருப்பார். பேச்சே இல்லாத வீட்டில் எதைக் கலந்து பேசுவது? அது அப்போது என் புத்தியில் உறைக்கவேயில்லை. ‘வெள்ளை வந்தால் குடும்பத்தோடு கிளம்புகிறேன். சிவப்பு வந்தால் ஆணையை உன் காலடியில் வைத்துவிட்டு இருந்துவிடுகிறேன்’ என்று கண்மூடி விண்ணப்பித்தேன். பக்கத்தில் அக்காவின் உதடுகள் அசைந்தன.

குருக்கள் கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். நாரைப் பிரித்தார். வெள்ளை.

என் கண்கள் நிறைந்தன. அக்காவைப் பார்க்க அஞ்சினேன். அவரோ இரு கன்னத்திலும் போட்டுக்கொண்டு, “அப்பனே, கேட்டது குடுத்துட்டியே!” என்று கைகூப்பி நின்றார். பெருமான் அவர் மனத்தையும் இளக்கிவிட்டான் என்று மெய்சிலிர்த்தேன். அக்கா அந்தப் பூவைக் கேட்டு வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

திரும்பும் வழியில், இத்தனை நாள் அடைத்திருந்த பேச்செல்லாம் மடை திறந்தாற்போல் வந்தது.

“இப்பத்தான்டா மனசு லேசாச்சு, தம்பி.”

“எனக்கும்தான் அக்கா.”

“கமலா மூஞ்சியப் பாக்கவே முடியல. அது பாவம், வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லல.”

“இனிமே எல்லாம் சரியாப் பூடும் அக்கா.”

“சாமியே சொல்ட்டப்புறம் நமக்கு இன்னா கீது? நீ எதுக்கோ அலையறாப்பல கீறியே, போ, போய்ட்டு வா. எனக்கும் வூட்ல ஒரு வேலை கீது.”

இருவரும் எதற்கோ சிரித்தபடி ஏரிக்கரையில் நடந்தோம். வீட்டு வாசலில் நின்ற கமலா எங்களைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். நான் கையசைத்துவிட்டு நேரே வண்டிக்கார முனுசாமியிடம் போனேன். ஆவணி முதல் நாள் காலையில் சாமான்களை ஏற்றி உத்திரமேரூர்ப் பேருந்து நிலையத்துக்குக் கொண்டுபோக வண்டி பேசினேன். கயிறு வாங்கினேன். பிள்ளைகளுக்குப் பொரி உருண்டை வாங்கினேன். பதிகத்தை முழுவதும் பாடிக்கொண்டே வீடு திரும்பினேன்.

“கமலா, மூட்டை கட்டு!” என்று வாசலிலிருந்தே குரல் கொடுத்தேன்.

கமலா விழித்தாள். “அண்ணி வந்து வாயில வெல்லத்தப் போட்டுட்டு, ‘இனிமே கவலப்படாத’ன்னு சொன்னாங்க. வேற ஒண்ணும் சொல்லல. மூட்டைன்றீங்களே?”

அப்போது கொல்லைப்புறத்திலிருந்து அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி வந்தார்.

“தம்பி, விதைநெல்லு ஊறப் போட்டுட்டேன். அந்தப் பூவையும் அதுலயே போட்டுட்டேன். ஆவணி ஒண்ணாந்தேதி காலைல நாத்தங்கால்ல தூவிடலாம். நாளைக்கே சேறு கலக்கி வெச்சிடு.”

“ஒண்ணாந்தேதி முனுசாமி வண்டி வருதே அக்கா.”

“வண்டி எதுக்குடா? எரு அடிக்கவா?”

“சாமான் ஏத்தறதுக்கு.”

“எந்த சாமான?”

நான் கயிற்றுச் சுருளோடு நின்றேன். அக்கா ஈரக் கையோடு நின்றார்.

“வெள்ளை வந்துதே அக்கா! போவச் சொல்லித்தானே உத்தரவு!”

“டேய், சாமி முன்னால நின்னுட்டு வந்து பொய் சொல்றியா? வெள்ளை வந்ததாலதானே வெதைய ஊறப் போட்டேன்! ஏகாம்பரத்தாண்ட கூட சொல்லிட்டு வந்துட்டேன், நெலம் கெடைக்காது, உன் மாட்ட வேற எங்கனா கட்டிக்கோன்னு!”

அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒரே காரியத்துக்கு இரண்டாம் முறை பூக்கட்டிக் கேட்பது எங்கள் வழக்கில் இல்லை. கேட்டாயிற்று, விடையும் வந்தாயிற்று, அந்த விடையே எங்களைப் பிரிக்கிறது. முன்பாவது மௌனம்தான் இருந்தது. இப்போது ஒருவரையொருவர் பொய்யர் என்கிறோம். ‘பெருமானே, இதுவா உன் திருவிளையாடல்?’ என்று மனம் கசந்தது. அன்று வரை அப்படி நான் கசந்ததில்லை.

கமலா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அக்காவின் எதிரில் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

“அண்ணி, நீங்க சாமியாண்ட இன்னா கேட்டீங்க? மனசுல எப்படிச் சொன்னீங்களோ, அப்படியே சொல்லுங்க.”

“இன்னா கேட்டேன்… ‘அப்பனே, நெலம் எங்க கைய வுட்டுப் போவக் கூடாதுன்னா வெள்ளை குடு, போனா போவட்டும்னா செவப்பு குடு’ன்னு கேட்டேன்.”

“இவரு போவக் கூடாதுன்னு கேக்கலையா?”

“அத்த எதுக்குத் தனியாக் கேக்கணும்? நெலம் இருந்தா அவன் இருப்பான்.”

கமலாவின் முகத்தில் ஒரு சிரிப்பு அரும்பியது. “நெலம் இருந்தா அவருதான் இருக்கணுமா அண்ணி? நீங்க இருக்கக் கூடாதா?”

அக்கா நிமிர்ந்தார். அவர் குரல் உடைந்திருந்தது. கோபத்தாலன்று.

“இத்தினி நாளா இத்த யாராச்சும் கேட்டீங்களா? போறதுன்னா குத்தகைன்றான். நானுந்தான் வேற வழி தெரியாம அவனப் போவக் கூடாதுன்னேன். நான் இன்னா செத்தா பூட்டேன்? நாத்து வுடறதுல இருந்து களத்துல தூத்தற வரைக்கும் நான் இல்லாம இந்த வூட்ல ஒரு போகம் வெளஞ்சு கீதா? உனக்குப் பள்ளிக்கூடத்துல நாற்காலி குடுக்கற சாமி எனக்கு ஒரு வரப்பு குடுக்க மாட்டாரா?”

மனைவி வேலைக்குப் போக நான் பின்னே போவதைக் கடையில் சிரித்தார்களே, அந்தச் சிரிப்பைத் தாங்கிக்கொண்டதில் எனக்கு உள்ளூரப் பெருமை. ஆனால் அக்கா தனியே பயிர் செய்வார் என்பது என் கணக்கில் வரவேயில்லை.

“ஏர் ஓட்டறதுக்கு அக்கா?” என்றேன் மெதுவாக.

“ஊர்ல ஏர் ஓட்ட ஆளா இல்ல? நீ ஓட்டினியா இத்தினி நாளு? ஆள ஓட்டச் சொல்லிட்டு வரப்புல நின்னு பதிகம் பாடிக்கினு இருப்ப.”

கமலா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஏரித் தண்ணி முறை வரும்போது ஆம்பளைங்க கூட்டத்துல போய் நிக்கணுமே?”

“நிப்பேன். கால் வலிச்சா உக்காருவேன்.”

அதற்கு மேல் கமலாவால் அடக்க முடியவில்லை. அவள் சிரிக்க, அக்கா சிரிக்க, நான் கயிற்றுச் சுருளோடு நின்றபடியே சிரித்து அழுதேன். பெருமான் போ என்றான் எனக்கு. நிலம் உங்கள் கையிலேயே இருக்கும் என்றான் அக்காவுக்கு. இரண்டையும் ஒரே பூவில் சொன்னான். பொருந்தாமல் நின்றது எங்கள் புத்திதான்.

“நீ ஒண்ணும் வேண்டிக்கலையா?” என்று கமலாவைக் கேட்டேன்.

“வேண்டிக்கினேன். வேலையப் பத்தி வேண்டிக்கல. ‘இவங்க ரெண்டு பேரும் கோயில்ல இருந்து சிரிச்சிக்கினு திரும்பி வரணும்’னு வேண்டிக்கினேன். அப்படித்தான் வந்தீங்க. இன்னாத்துக்குச் சிரிச்சீங்கன்னுதான் சாமிக்கு மட்டும் தெரிஞ்சிருக்கு.”

ஊறிய விதை காத்திராது. முளை கட்டிவிட்டால் சேற்றுக்குப் போயே தீர வேண்டும். எங்கள் பயணமும் அப்படித்தான், தள்ளிப் போட முடியாது. ஆவணி முதல் நாள் காலையில் முனுசாமியின் வண்டியில் தையல் மிஷின் முதலில் ஏறியது. அக்கா எங்களை வழியனுப்ப வரவில்லை, வர நேரமில்லை. எங்கள் வண்டி ஏரிக்கரையில் போகும்போது அவர் முழங்கால் சேற்றில் நின்று முளைநெல்லைத் தூவிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் “அத்தை!” என்று கூவினார்கள். சேற்றுக் கையை உயர்த்தி, “போய்ட்டு வாங்க! பொங்கலுக்கு வர்லன்னா நெல்லு கெடையாது!” என்று குரல் கொடுத்தார். கமலா அழுதாள். அது நான் அஞ்சிய அழுகையன்று.

வந்தவாசி, திருவண்ணாமலை, செங்கம் என்று மாறி மாறிப் பேருந்து ஏறி, இருட்டுமுன் போய்ச் சேர்ந்தோம். அந்த ஊரில் ஒரு சிறிய சிவாலயம். பூசை உண்டு, பாடுவார் இல்லை. மறுநாள் மாலையே நான் போய்ச் சந்நிதியில் நின்றேன். நான் எதற்கு அங்கே வந்தேன் என்பது எனக்கு விளங்கிவிட்டது. ஆண்டுகள் செல்லச் செல்ல, மாலைதோறும் என்னோடு சேர்ந்து பாட ஒரு கூட்டமே அமைந்தது. பகலில் நிலக்கடலை மண்டியில் எடை பார்த்தேன். குழம்பு வைக்கக் கற்றேன். முதலில் வைத்த குழம்பைப் பிள்ளைகள் இன்றும் மறக்கவில்லை. ஏகாம்பரம் வாக்கும் பலித்தது. ஞாயிறுதோறும் தையல் மிஷினுக்கு எண்ணெய் விட்டேன். மனமாரச் சொல்கிறேன், அது நல்ல கைங்கரியம்.

அந்தத் தைப் பொங்கலுக்கு ஊர் வந்தபோது களத்தில் நெற்பொலி குவிந்திருந்தது. அக்கா அதன் பக்கத்தில் நின்று, எதிரே இருந்தவரோடு பேசிக்கொண்டிருந்தார். பார்த்தால் ஏகாம்பரம்.

“அக்கா, உன் நெல்லு நல்லா வாய்ச்சி கீது. வெதைக்குக் கொஞ்சம் குடேன்.”

“குடுக்கறேன். உன் மாட்ட எங்க கெணத்துப் பக்கம் வுடாத, குடுக்கறேன்.”

எண்பதுகளில் கமலாவுக்கு உத்திரமேரூர்ப் பக்கமே மாற்றல் கிடைத்தது. ஊர் திரும்பினோம். நிலப் பொறுப்பை நான் மீண்டும் ஏற்க வேண்டுமோ என்ற தயக்கத்தோடு அக்காவைத் தேடி வயலுக்குப் போனேன். நடவு நடந்துகொண்டிருந்தது. அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“வந்துட்டியா? வா. உள்ள எறங்காத, நட்டத மிதிச்சிடுவ. வரப்புல நின்னு பாடு. பயிரு உன் பாட்டக் கேட்டு எத்தினி வருஷமாச்சு!”

நின்றேன். பாடினேன். இன்றும் அதுவே என் வேலை.

அன்பர்களே, உங்கள் வீட்டிலும் போவதா இருப்பதா என்ற கேள்வி வரலாம். அஞ்சாதீர்கள். முழு நம்பிக்கையோடு அவன் சந்நிதிக்குக் கொண்டு போங்கள். விடை வந்தால் மகிழுங்கள். அந்த விடை முதலில் குழப்பமாகத் தெரிந்தாலும் அவனைக் கசந்துகொள்ளாதீர்கள். வீட்டுக்கு வந்து, உடன் நின்றவர் மனத்தில் என்ன கேட்டார் என்று அன்போடு விசாரியுங்கள். திருவருளின் மறுபாதி அங்கேதான் இருக்கும். நான் பதிகம் பாடித் தேடியதை, என் மனைவி என் அக்காவிடம் கேட்ட ஒரு கேள்வியில் எனக்குக் காட்டினான்.

இதைப் படிக்கும் நீங்கள் எல்லோரும் நலமுற வாழ்க. உங்கள் வீட்டில் எவர் மனமும் கேட்கப்படாமல் போகாதிருக்கட்டும். நீங்கள் ஊறப் போட்ட விதைகள் காலத்தே சேறு காணட்டும். பேசிய வண்டிகள் நல்வழி செல்லட்டும். போகிற ஊரிலும் இருக்கிற ஊரிலும் புலிவனத்துப் பெருமான் உங்களுக்கு முன்னே சென்று நிற்பானாக. சிவாயநம.